அத்தியாயம் 7: எச்டி வீடியோவை டிவிடிக்கு மாற்றுதல்

கல்யாணமோ அரங்கேற்றமோ அறுபதாம் கல்யாணமோ, இன்று எந்தக் கேமராவில் எடுத்தாலும் அது எச்டிதான். ஆனாலும் "ஊர்ல அம்மா வீட்டுல டிவிடி பிளேயர்தான் இருக்கு, டிஸ்க்காவே போட்டுக் கொடுங்க" என்று கேட்கிற குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவர்களுக்குக் கொடுக்கும் டிஸ்க் மங்கலாகவும் கட்டம் கட்டமாகவும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நல்ல எச்டி காட்சியிலிருந்து ஒழுங்காகச் செய்த டிவிடி, பழைய டேப் கேமராவில் எடுத்துச் செய்த டிவிடியைவிடத் தெளிவாகவே இருக்கும்.

அப்படி இல்லாமல் போனால் எல்லோரும் முதலில் பிட்ரேட்டைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கேடு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பெரிய படத்தைச் சின்னதாகச் சுருக்கும் இடத்தில் தவறு செய்துவிட்டு, பிறகு எவ்வளவு பிட்ரேட் கொட்டினாலும் பயன் இல்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் என்கோடருக்கு முன்னால் நடக்கும் வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

நம் நாட்டு டிவிடி பால் முறை: 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். முழு எச்டி 1920×1080. பெருக்கிப் பார்த்தால் டிவிடியில் இருப்பது எச்டியின் சரியாக ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகள். ஐந்து புள்ளிகளின் விவரம் ஒரே புள்ளிக்குள் அடங்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை எவ்வளவு கவனமாகச் செய்கிறோம் என்பதுதான் தரம்.

டிவிடிக்கான வீடியோ எம்பெக்-2 வகையில் இருக்க வேண்டும். வீடியோ மட்டும் நொடிக்கு அதிகபட்சம் 9,800 கிலோபிட். வீடியோ, ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்த்து 10,080. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. இதைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். எண்ணும் முறைதான் வேறு.

வேலையின் வரிசை

1. மூலக் காட்சி எந்த வகை என்று பார்ப்பது.
2. எடிட் முடிந்த படத்தைத் தரம் குறையாத ஒரே கோப்பாக வெளியே எடுப்பது.
3. இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமில் இரண்டு அரைப் படங்கள் பின்னியது) இருந்தால் பிரித்து, சுருக்கி, நிறம் மாற்றுவது.
4. நேரத்துக்கு ஏற்ற பிட்ரேட் கணக்குப் போடுவது.
5. எம்பெக்-2 ஆக என்கோடு செய்வது. ஒலியைத் தனியே செய்வது.
6. மெனு, சேப்டர் வைத்து டிவிடி அமைப்பை உருவாக்குவது.
7. டிஸ்க்கில் எழுதி, சரிபார்ப்பது.

மூன்றாவதையும் நான்காவதையும் எடிட்டிங் மென்பொருளின் "டிவிடி எக்ஸ்போர்ட்" பொத்தானிடம் ஒப்படைத்துவிடுவதுதான் வழக்கம். அவசரத்துக்கு அது சரி. நல்ல தரம் வேண்டுமென்றால் வரிசையை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலத்தை முதலில் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு எத்தனை ஃபிரேம், இன்டர்லேஸா ப்ராக்ரெசிவா (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே முழுப் படம்), ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுகிறதா.

மென்பொருள் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சில கேமராக்கள் 25 முழு ஃபிரேம்களாக எடுத்ததை இன்டர்லேஸ் உறைக்குள் வைத்துச் சேமிக்கும். கோப்பு "இன்டர்லேஸ்" என்று சொல்லும். படம் ப்ராக்ரெசிவாக இருக்கும். கண்ணால் சோதிப்பதே நிச்சயம். தவில் வாசிப்பவர் கை வேகமாக அசையும் இடத்தில், டீஇன்டர்லேஸ் வசதியை அணைத்துவிட்டு, படத்தை நிறுத்துங்கள். கையின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் இன்டர்லேஸ். வெறும் மங்கலாக இருந்தால் ப்ராக்ரெசிவ்.

*செல்போன் காட்சி இருந்தால்:* போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் எடுக்கும்; அதுவும் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக உதட்டசைவும் குரலும் விலகும். முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கில் "கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்" என்ற தேர்வு இதற்குத்தான். தரத்தை மட்டும் மிக உயர்வாக வையுங்கள்.

முழுப் படமுமே போனில் எடுத்ததென்றால் பால் டிஸ்க் போட வேண்டாம். 30-ஐ 25 ஆக்கும்போது ஃபிரேம்கள் விழுந்து, நடப்பவர்கள் தத்தித் தத்தி நடப்பார்கள். என்டிஎஸ்சி முறையில், 720×480 அளவில் டிஸ்க் போடுங்கள். நம் ஊரில் விற்ற பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். பிரதான கேமரா 25 அல்லது 50, போன் காட்சி அங்கங்கே கொஞ்சம் என்றால் பால் முறையிலேயே இருந்துவிடலாம்.

சினிமா தோற்றத்துக்காக 24-இல் எடுத்திருந்தால் படத்தை 25-க்கு வேகம் கூட்டுவது பழைய வழி. ஏறத்தாழ 4 சதவீதம்தான் கூடும், கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்: நாதஸ்வரம் சுருதி ஏறிவிடும். சுருதி மாறாமல் வேகம் கூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

டைம்லைனிலிருந்து வெளியே எடுப்பது

எடிட் முடிந்ததும் மறுபடி எச்.264 ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதை டிவிடி மென்பொருளில் கொடுப்பது மிகப் பரவலான தவறு. கேமரா ஒரு முறை சுருக்கியது. நீங்கள் இரண்டாம் முறை சுருக்குகிறீர்கள். டிவிடி மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் படத்தின் நுணுக்கம் உதிரும்.

இடைக்கோப்புக்கு ப்ரோரெஸ் 422, டிஎன்எக்ஸ்எச்ஆர், எடியஸில் எடிட் செய்பவர்களுக்கு கிராஸ் வேலி எச்க்யூஎக்ஸ் ஆகிய மூன்றில் எது கிடைக்கிறதோ அது போதும். அளவு பெரிதாகத்தான் இருக்கும்: ப்ரோரெஸ் 422-இல் 1080 படம் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்துக்கு 110 ஜிபிக்கு மேல் இடம் ஒதுக்குங்கள். டிஸ்க் கொடுத்து முடித்ததும் அழித்துவிடலாம்.

எக்ஸ்போர்ட் அளவு டைம்லைன் அளவாகவே, அதாவது 1920×1080 ஆகவே இருக்கட்டும். இன்டர்லேஸ் டைம்லைன் என்றால் இன்டர்லேஸாகவே, அதே ஃபீல்டு (அரைப் பட) வரிசையில் எடுங்கள். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில் வரும். பழைய டிஜிட்டல் வீடியோ டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். பழைய டேப் காட்சியைச் செருகியிருந்தால் இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். அந்தக் கிளிப்பின் ஃபீல்டு வரிசை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று டைம்லைனிலேயே பார்த்துவிடுங்கள்.

> குறிப்பு: பெயர், தேதி போன்ற எழுத்துகளை ஓரத்திலிருந்து குறைந்தது பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். பழைய குழாய் டிவிகள் நான்கு பக்கமும் படத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். கிடைமட்டமான மெல்லிய கோடுகளும் வேண்டாம். டிவிடியில் அவை துடிக்கும்.

சுருக்குவது: தரம் போவதும் நிற்பதும் இங்கேதான்

மூலம் எந்த வகை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

*மூலம் 1080பி, நொடிக்கு 25.* இது எளிது. லான்சோஸ் அல்லது ஸ்ப்ளைன் முறையில் 720×576 ஆகச் சுருக்குங்கள். 16:9 என்ற குறியோடு ப்ராக்ரெசிவாக என்கோடு செய்யுங்கள். முடிந்தது.

*மூலம் 1080பி, நொடிக்கு 50.* டிவிடியில் 50 முழு ஃபிரேம்களுக்கு இடம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கி எறிந்து 25 ஆக்குவது சுலபம். ஆனால் பரதநாட்டியம் போன்ற வேகமான அசைவில் இழப்பு பளிச்சென்று தெரியும். அதற்குப் பதில் ஒவ்வொரு ஃபிரேமையும் 720×576 ஆகச் சுருக்கி, பிறகு இரண்டிரண்டு ஃபிரேம்களை ஒரு இன்டர்லேஸ் ஃபிரேமாகப் பின்னுங்கள். நொடிக்கு 50 அசைவுகளும் டிஸ்க்கில் வந்துவிடும்.

*மூலம் 1080ஐ.* அதிகம் கெட்டுப்போவது இதுதான். இன்டர்லேஸ் ஃபிரேம் ஒன்றில் இரண்டு ஃபீல்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 540 வரி, இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி இடைவெளி. ஒற்றை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டுகின்றன. இதைக் கவனிக்காமல் 1080 வரியை 576 வரியாக அமுக்கினால் இரண்டு கணங்களும் ஒரே வரியில் கலந்துவிடும். ஆடுபவரின் கை இரண்டாகத் தெரியும், தலை திரும்பும்போது நிழல் கூடவே வரும். பிறகு எந்த என்கோடராலும் அதைப் பிரிக்க முடியாது.

சரியான வரிசை இது:

1. முதலில் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். 25 ஃபிரேமாக அல்ல, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக்கி, நொடிக்கு 50 ஆக. அவிசிந்த் பழகியவர்களுக்கு க்யூடிஜிஎம்சி. இதில் கிடைக்கும் தரத்துக்காக எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துபவர்கள் அதிலுள்ள பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டியை "ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு ஃபிரேம்" என்ற நிலையில் வையுங்கள்.
2. அந்த 50 ஃபிரேம்களையும் 720×576 ஆகச் சுருக்குங்கள்.
3. இரைச்சல் நீக்குவது, கூர்மை கூட்டுவது எதுவாயினும் இந்த இடத்தில்தான்.
4. மேலிருந்து கீழாக லேசாக மென்மைப்படுத்துங்கள். பட்டுப்புடவையின் ஜரிகைக் கோடு ஒரே ஒரு வரி உயரத்தில் நின்றால், அது ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. டிவியில் மினுக் மினுக்கென்று துடிக்கும். எஃப்எஃப்எம்பெக்கின் இன்டர்லேஸ் வடிகட்டி இந்த மென்மையைத் தானே செய்துவிடும். அணைக்காமல் இருந்தால் போதும்.
5. கடைசியாக, மேல் ஃபீல்டு முதலில் வருமாறு மறுபடி இன்டர்லேஸ் செய்யுங்கள்.

நேரம் இல்லை, பிரீமியரிலிருந்தே நேராக எடுத்தாக வேண்டும் என்றால் "மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி" பெட்டியில் மறக்காமல் டிக் அடியுங்கள். சுருக்கும் தரம் அந்த ஒரு டிக்கில் மேம்படும்.

*கூர்மையும் இரைச்சலும்.* சுருக்கிய படம் கம்ப்யூட்டரில் சற்று மங்கலாகத் தெரியும். உடனே கூர்மையைக் கூட்டக் கை பரபரக்கும். கொஞ்சமாகப் போதும். அதிகமானால் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும், அந்த விளிம்புக்கே பிட்ரேட் செலவாகும். இரைச்சலுக்கும் இதே நிதானம் வேண்டும். ஐந்து புள்ளிகள் ஒன்றாகும்போது மண்டப இருட்டில் வந்த பொரிப்பொரி இரைச்சலில் பெரும்பகுதி தானே அடங்கிவிடும். சுருக்கிப் பார்த்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் லேசாக நீக்குங்கள். அளவு மீறினால் மணமகள் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

704 அகலமா, 720 அகலமா என்று சிலர் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். வித்தியாசம் சுமார் 2 சதவீதம். 720 வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

நிறமும் வெண்மையும்

எச்டி படம் நிறத்தை எழுதும் சூத்திரம் ரெக் 709. டிவிடிக்கு ரெக் 601. மாற்றாமல் விட்டால் படம் ஓடும், பிழை எதுவும் காட்டாது. ஆனால் கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு சற்று இருண்டுவிடும். மாவிலைத் தோரணமும் வாழைமரமும் தேவைக்கு மேல் பச்சையாகும். புடவை நிறம் மாறினால் அந்த வீட்டுப் பெண்கள் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எடிட்டிங் மென்பொருள்கள் பொதுவாக இதைத் தாமே செய்யும். அவிசிந்த், எஃப்எஃப்எம்பெக் வழியில் போகிறவர்கள் தாமே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஒளி எல்லை. டிவிடியில் கருமை 16-இலும் வெண்மை 235-இலும் நிற்க வேண்டும். சில போன்களும் கேமராக்களும் 0 முதல் 255 வரை எழுதும். அதை அப்படியே அனுப்பினால் பட்டு வேட்டியின் மடிப்புகள் மறைந்து, ஒரே வெள்ளைத் துண்டாகத் தெரியும். டைம்லைனில் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பைத் திறந்து வேட்டி, பூமாலை, மேடை விளக்கு வரும் இடங்களைப் பாருங்கள். 235-ஐத் தாண்டினால் உள்ளே இழுத்துவிடுங்கள்.

பிட்ரேட் கணக்கு

சாதாரண டிஸ்க்குக்கு ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 6,00,000. இதைப் படத்தின் நிமிடங்களால் வகுத்தால் நொடிக்கு எத்தனை கிலோபிட் கிடைக்கும் என்பது வந்துவிடும். டிஸ்க் அமைப்புக்கும் பாதுகாப்புக்கும் கொஞ்சம் விட்டுத்தான் இந்த எண். அதிலிருந்து ஒலிக்கு 224 கழித்தால் மிச்சம் வீடியோவுக்கு.

- 90 நிமிடம்: வீடியோவுக்குச் சுமார் 6,400
- 120 நிமிடம்: 4,750
- 150 நிமிடம்: 3,750
- 180 நிமிடம்: 3,100

அசையும் மெனு வைத்தால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் 70 நிமிடத்துக்குள் இருந்தால் கணக்கே வேண்டாம். நிலையாக 8,000 கொடுத்துவிடலாம். அதற்கு மேலே போனால் இரண்டு சுற்று மாறும் பிட்ரேட்தான் சரி. முதல் சுற்றில் என்கோடர் படம் முழுவதையும் படித்து எங்கே கடினம், எங்கே சுலபம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கிடும்.

சராசரி 4,000-க்குக் கீழே இறங்கும்போது என் பரிந்துரை ஒன்றுதான்: இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் ஒன்றில், முகூர்த்தம் இன்னொன்றில். ஒரே டிஸ்க்கில்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், மூன்று நிமிடத் துண்டை 3,100-இலும் 6,400-இலும் செய்து அவர் டிவியிலேயே போட்டுக் காட்டுங்கள்.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் இருக்கிறது. அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்கத் திணறும். பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் தவிர்த்துவிடுங்கள்.

என்கோடர் அமைப்புகள்

இலவசத்தில் எச்சிஎன்க், எஃப்எஃப்எம்பெக் இரண்டும் நல்லவை. எஃப்எஃப்எம்பெக்கில் பால் டிவிடிக்கென்றே தயார் நிலை ஒன்று உண்டு. ஆனால் சராசரி பிட்ரேட், 16:9 குறி, இன்டர்லேஸ் தேர்வுகள் ஆகியவற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

1. அளவு 720×576, வேகம் 25, விகிதம் 16:9.
2. இரண்டு சுற்று, சராசரி உங்கள் கணக்குப்படி, உச்சம் 8,500. சட்டம் 9,800 வரை அனுமதித்தாலும், நாம் எழுதும் டிஸ்க்கைப் பிளேயர் படிப்பது ஆலையில் அச்சிட்ட டிஸ்க்கைப் படிப்பது போல எளிதல்ல. உச்சத்தில் தூசி ஒன்று குறுக்கிட்டாலும் படம் நின்றுவிடும்.
3. ஒரு ஜிஓபிக்கு (ஃபிரேம் தொகுப்புக்கு) அதிகபட்சம் 15 ஃபிரேம். வேகக் காட்சி அதிகம் என்றால் 12. நடுவில் பி-ஃபிரேம் 2. காட்சி மாறும் இடத்தைக் கண்டறியும் வசதி ஆன்.
4. டிசி துல்லியம்: சராசரி 6,000-க்கு மேல் என்றால் 10 பிட், 4,000 முதல் 6,000 வரை 9, கீழே 8. வானம், திரைச்சீலை, சுவர் போன்ற பரப்புகளில் பட்டை பட்டையாக நிறம் பிரிவதை இது தடுக்கும்.
5. இன்டர்லேஸ் படம் என்றால் இன்டர்லேஸ் என்கோடிங், மாற்று ஸ்கேன், மேல் ஃபீல்டு முதலில். ப்ராக்ரெசிவ் என்றால் ஜிக்ஜாக் ஸ்கேன். இரண்டையும் கலக்காதீர்கள்.

முழுப் படத்தையும் ஓட விடுவதற்கு முன் சோதனைத் துண்டு ஒன்று செய்யுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? தாலி கட்டும் இடம். கெட்டிமேளம் முழங்கும் அந்த அரை நிமிடத்தில் எம்பெக்-2-க்குப் பிடிக்காத எல்லாமே ஒன்றுகூடும். நூறு கைகளிலிருந்து அட்சதையும் பூவும் பறக்கும். ஒவ்வொரு துகளும் தன் போக்கில் போகும், முந்தைய ஃபிரேமிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. அதே நேரம் போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் அடிக்கும். ஒரு ஃபிரேம் முழுக்க வெளுத்து அடுத்தது பழைய நிலைக்குத் திரும்பும், என்கோடருக்கு அது இரண்டு காட்சி மாற்றங்கள். கூட்டம் எழுந்து நிற்கும், கேமராவும் அசையும். படம் முழுக்க நன்றாக இருந்து இந்த இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

உடைந்தால் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: உச்சம் 8,500 வரை போக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஓபியை 12 ஆக்குங்கள். என்கோடரில் பகுதிவாரியாகப் பிட்ரேட் கூட்டும் வசதி இருந்தால் இந்த நிமிடத்துக்கு மட்டும் கூட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் சாப்பாட்டுப் பந்திக் காட்சியைக் கொஞ்சம் வெட்டிச் சராசரியை உயர்த்துவதுதான் வழி.

சோதனைக்கு இன்னும் இரண்டு: வரவேற்பு மேடையின் கலர் விளக்கு, மண்டபத்தைச் சுற்றி வரும் மெதுவான பேன் ஷாட். மூன்றும் சேர்ந்து மூன்று நிமிடம் போதும். மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் எழுதி, கம்ப்யூட்டரில் அல்ல, டிவியில் பாருங்கள்.

ஒலி

டால்பி ஏசி-3, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 224 கிலோபிட். குறுகிய படம், இசை முக்கியம் (கச்சேரி, அரங்கேற்றம்) என்றால் சுருக்காத பிசிஎம் வைக்கலாம். அது 1,536 கிலோபிட் எடுத்துக்கொள்ளும், கணக்கில் கழித்துவிடுங்கள்.

ஏசி-3 செய்யும்போது "டயலாக் நார்மலைசேஷன்" என்றொரு அமைப்பு வரும். மைனஸ் 31 வையுங்கள். டைனமிக் கம்ப்ரெஷனை "இல்லை" என்று வையுங்கள். மைனஸ் 27 இருந்தால் பிளேயர் ஒலியை 4 டெசிபெல் குறைத்துவிடும். "டிஸ்க்கில சத்தமே வரல" என்ற புகார்களில் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன.

மெனுவும் சேப்டரும்

என்கோடு செய்த கோப்பை ஆத்தரிங் (டிவிடி அமைப்பை உருவாக்கும்) மென்பொருளில் போட்டதும் அது வீடியோவை மறுபடி என்கோடு செய்யத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். இவ்வளவு நேரம் செய்த வேலை அத்தனையும் அங்கே வீணாகும். டிவிடிஸ்டைலரில் ஒவ்வொரு வீடியோவின் பண்புகளிலும் வீடியோ, ஒலி இரண்டையும் "காப்பி" என்று வையுங்கள். அடோபி என்கோர் சிஎஸ்6-க்குப் பிறகு வரவில்லை. வைத்திருப்பவர்கள் அதில் "டோன்ட் டிரான்ஸ்கோடு" நிலையைச் சரிபாருங்கள்.

16:9 குறி இங்கேயும் இருக்க வேண்டும். 4:3 டிவிக்கு "லெட்டர்பாக்ஸ்" தேர்ந்தெடுங்கள். பழைய டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு முழுப் படமும் வரும், முகங்கள் நீளாது.

சேப்டர் புள்ளிகளை என்கோடு செய்யும்போதே கொடுத்துவிடுவது நல்லது. அந்த இடத்தில் ஐ-ஃபிரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராத முழு ஃபிரேம்) விழ வேண்டும். மெனுவில் தாலி கட்டும் இடத்துக்கு நேராகப் போகும் பொத்தான் ஒன்று கட்டாயம் வையுங்கள். எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.

டிஸ்க்கில் எழுதுதல்

1. நல்ல கம்பெனி டிவிடி-ஆர் வாங்குங்கள். பழைய பிளேயர்கள் அதிகம் ஏற்பது இந்த வகையைத்தான்.
2. 16 எக்ஸ் டிஸ்க்கை 8 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். மிக மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்ற நம்பிக்கைக்கு இன்றைய டிஸ்க்குகளில் ஆதாரம் இல்லை.
3. இம்க்பர்னில் "வெரிஃபை" டிக் அடித்து எழுதுங்கள். எழுதியதை மறுபடி படித்துச் சொல்லும்.
4. யுபிஎஸ் இல்லாமல் எழுத வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் டிஸ்க் குப்பைக்குத்தான்.

> எச்சரிக்கை: விரிசல் விட்ட டிஸ்க்கை எக்காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள், சுழலும் வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறும். டிரைவைக் கழற்றிய நிலையில் ஓடவிட்டு லேசரைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஆபத்து.

டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து ஆட்டம் வரும், வெயில் காலத்தில் பசை இளகும். அச்சிடக்கூடிய டிஸ்க் வாங்குங்கள், இல்லையேல் டிஸ்க்குக்கான மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். மூல எச்டி கோப்புகளை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். டிவிடி பார்ப்பதற்கு, பாதுகாப்புப் பிரதி அல்ல.

டிவியில் போட்டதும் தெரியும் குறைகள், அவற்றின் காரணம்

- *அசையும்போது முன்னும் பின்னும் உதறுகிறது:* ஃபீல்டு வரிசை தலைகீழ். கம்ப்யூட்டரில் இது பெரும்பாலும் தெரியாது.
- *கை, கால் இரண்டாகத் தெரிகிறது:* இன்டர்லேஸ் படத்தைப் பிரிக்காமல் சுருக்கியிருக்கிறீர்கள். சுருக்கும் இடத்துக்கே திரும்ப வேண்டும்.
- *ஜரிகையும் நகையும் துடிக்கின்றன:* மேல்-கீழ் மென்மைப்படுத்தல் போதவில்லை, அல்லது கூர்மை அதிகம்.
- *எல்லோரும் ஒல்லியாக, உயரமாக இருக்கிறார்கள்:* 16:9 குறி விட்டுப்போயிருக்கிறது. மறுபடி என்கோடு செய்ய வேண்டியதில்லை, ஆத்தரிங்கில் திருத்தலாம்.
- *கறுப்பு சாம்பலாக, வெள்ளை மங்கலாக இருக்கிறது:* ஒளி எல்லையை இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள்.
- *நடுவில் நின்று நின்று ஓடுகிறது:* உச்ச பிட்ரேட்டை 8,000-க்கு இறக்குங்கள். வேறு கம்பெனி டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள்.
- *எல்லாம் சரி, ஆனாலும் மங்கல்:* பிளேயரின் மஞ்சள் முனை கேபிளைப் பாருங்கள். பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதையும், இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீல மூன்று முனை காம்போனென்ட் கேபிளையும் மாட்டுங்கள். டிஸ்க் கொடுக்கப் போகும்போது ஒரு கேபிளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். பல வீடுகளில் பிளேயர் வாங்கிய நாளில் மாட்டிய மஞ்சள் கேபிளே இன்னும் இருக்கும்.